இருபத்தேழாவது வான்கோழி

"இந்த வருஷம் கொக்கியை அம்மா கையில குடுங்கப்பா."

எலோடி கேட்டேவிட்டாள். 'எதை வேணும்னாலும் கேளு, அதை மட்டும் உங்கப்பாகிட்ட கேக்காதே' என்று அம்மா வெர்லி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதைத்தான் பெரியப்பாவையும் சித்தப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

வீட்டுக்கு வெளியே புல்தரையில் கேஸ் அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. அதன்மேல் இடுப்புயரப் பானை, பாதிக்குமேல் கடலை எண்ணெய். நவம்பரின் நாலாவது வியாழன், தேங்க்ஸ்கிவிங் எனும் நன்றித் திருநாள். அன்று தெற்கு லூசியானாவில் வான்கோழியைக் கொக்கியில் மாட்டி எண்ணெயில் இறக்குவது ஆம்பிளை வேலை. கொக்கி யார் கையிலோ, வான்கோழி அவர் பெயரில். இந்தத் தெருவுக்கே அது 'ஆல்சியின் வான்கோழி'.

"எதுக்குக் குடுக்கணும்?" என்றார் அப்பா ஆல்சி, கொக்கியை விரலில் ஆட்டியபடி.

"அது அம்மா செய்யுற வான்கோழி. ஊசி குத்தி மசாலா ஏத்துறது அம்மா. சொட்டு ஈரம் இல்லாம துடைக்கிறது அம்மா. நீங்க முக்கி எடுக்குறீங்க. கைதட்டலும் வாங்கிக்கிறீங்க."

பெரியப்பா ரேமி பியர் டப்பாவோடு சிரித்தார். "பொம்பளப் பிள்ளைய லஃபயெட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்காதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நம்ம வம்சத்துலயே முதல் பட்டம். வாங்கிட்டு வந்து வான்கோழிக்குப் பாடம் எடுக்குது."

"வான்கோழிக்கு எடுத்திருந்தா இந்நேரம் புரிஞ்சிருக்கும் பெரியப்பா."

சித்தப்பா நோரிசுக்குப் புரையேறியது. அப்பா அவரை முறைத்ததும் இருமல் நின்றது.

"உங்கம்மா என்னை ஒரு நாளும் கொக்கி கேட்டதில்ல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்," என்றார் அப்பா, வெட்கமே இல்லாமல். "அவளுக்கு ஞாபகமும் போச்சு. இந்தக் கோழியை ஃப்ரீசர்லேர்ந்து வெளியே எடுத்து வைக்கக்கூட மறந்துட்டா. காலையில நான்தான் எடுத்தேன். குழாய்த் தண்ணியில காட்டுனேன், ஊசியும் நானே குத்துனேன். ரெண்டு ஊசி வளைஞ்சிருச்சு, அவ்வளவுதான். இதுக்குப் போயி பெரிய வித்தையாட்டம் பேசுற."

அவர் கையெல்லாம் மசாலாத் தண்ணீர். "வெர்லி, ஒரு துண்டு கொண்டா," என்று உள்ளே பார்த்துக் கத்தினார். டி.வி.யில் ஓடிய கால்பந்து ஆட்டம்தான் பதில் சொன்னது.

கதவோரம் ஆணியில் அம்மாவின் நீல ஏப்ரன் தொங்கியது. விருந்து நாளில் கடைசித் தட்டைக் கழுவி முடிக்குமுன் அது ஆணிக்குப் போனதை எலோடி பார்த்ததில்லை. அப்பா அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வான்கோழியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். "தள்ளி நில்லு. எண்ணெய் காஞ்சிருச்சு."

எலோடி தள்ளி நிற்கவில்லை. குனிந்து கேஸைத் திருகி மூடினாள். அடுப்பின் சீறல் அடங்கியது.

"என்னடி பண்ற?"

அவள் விரலை மடக்கி வான்கோழியின் வயிற்றில் தட்டினாள். கதவைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

"உள்ள பூரா பனிக்கட்டி. இதை அந்த எண்ணெயில இறக்கியிருந்தா பொங்கி வழிஞ்சு தீப்பிடிச்சிருக்கும். உங்க மூணு பேருக்கும் புருவம் மிஞ்சியிருக்காது, பின்னாடி இந்த வீடும் மிஞ்சியிருக்காது. இந்த எடைக்கு உருக மூணு நாள் ஆகும்பா. வருஷா வருஷம் திங்கக்கிழமை அதை யாரு எடுத்து வெச்சாங்கன்னு இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

ரேமி தன் டப்பாவோடு இரண்டடி பின்னால் போனார். அப்பாவின் கழுத்து சிவந்தது.

"இப்பவாவது இவங்க முன்னாடி சொல்லுங்க," என்றாள் எலோடி. "இத்தனை வருஷம் இது யாரு செஞ்ச வான்கோழி?"

"என் வீடு. என் பானை. என் வான்கோழி." கொக்கியைப் பிடித்திருந்த கை இறங்கவில்லை. "மறந்தது அவ. போயி உங்கம்மாவை வரச் சொல்லு. அவளே வந்து இதுக்கு ஒரு வழி பண்ணட்டும்."

அவர் வாயிலிருந்து அதுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு கணம் நின்று பார்த்தாள். பிறகு கேஸ் குழாயை சிலிண்டரிலிருந்து கழற்றித் தன் கோட்டுப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"சொல்றேன்," என்று நடந்தாள்.

"சமையக்கட்டு இந்தப் பக்கம் இருக்கு," என்று முதுகுக்குப் பின்னால் அப்பா கத்தினார்.

எலோடி திரும்பவில்லை. புல்தரையைத் தாண்டி, அஞ்சல் பெட்டியைத் தாண்டி, தெருவோரம் நின்ற தன் காரின் கதவைத் திறந்தாள்.

பக்கத்து இருக்கையில் வெர்லி உட்கார்ந்திருந்தாள். சர்ச்சுக்குப் போடும் கோட்டு, மடியில் துணிப்பெட்டி.

"கேக்காதேன்னு சொன்னேன்ல. இனிமே எனக்கெதுக்கு அந்தக் கொக்கி?" என்றாள். "அடுப்பை அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேன்." எலோடி சாவியைப் போட்டாள். "கோழியை வெளியே எடுத்து வைக்க நீ மறந்துட்டியாம்மா."

வெர்லி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"மறக்கல. வண்டியை எடு."