தொட்டுச் சொல்லு

அந்த அச்சகத்துக்குள் யார் போனாலும் மெஷின் அக்கா விடமாட்டாள். அட்டையை மூக்குக்கு நேரே நீட்டிவிடுவாள்.

"தொட்டுச் சொல்லு. எப்படி இருக்கு?"

வாட்ச்மேன், தண்ணீர் கேன் போடுகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் என்று ஒருத்தரும் தப்பியதில்லை.

வேன் டிரைவருக்கு இது தினசரி தலைவலி. தற்பெருமைக்கும் ஓர் அளவு வேண்டாமா? அச்சடித்த அட்டைமேல் யூவி பூச்சு போடுகிறாள். மெஷின் விளக்குக்கு அடியில் அட்டை போய் வந்தால் பூச்சு காய்ந்து பொரிபொரியாய் நிற்கும். இதற்கா இந்த அலட்டல்?

அவனும் ஒரு வழி வைத்திருந்தான். தொடுகிற மாதிரி கையை ஆட்டி, "பிரமாதம்க்கா" என்று சொல்லிக் கழன்றுவிடுவான்.

போன வாரமும் அப்படித்தான். அன்று மெஷினில் ஓடியது பர்ஸ் கம்பெனிக்கான பெட்டி மூடி. முதலைத் தோல் மாதிரி சொரசொரப்பாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

இன்று அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. பார்த்தால் முதலை, தடவினால் விலாங்கு.

மறுபடி அடிக்கச் சொன்ன முதலாளி, இதுவும் திரும்பி வந்தால் மெஷினுக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டிகளை இறக்கிய கடுப்பு டிரைவருக்கு. பர்ஸ் கம்பெனி கொடுத்திருந்த சாம்பிள் மூடி ஒன்று, திரும்பி வந்த மூடி ஒன்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரே அக்காவிடம் போனான்.

"ஊரையே தொடச் சொன்னீங்கள்ல. இப்ப நீங்க கண்ணை மூடிட்டுத் தொட்டுச் சொல்லுங்க. இதுல எது சாம்பிள்?"

அக்கா கண்ணை மூடினாள். மாற்றி மாற்றித் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள்.

எடுத்து நீட்டியது வழவழப்பானதை.

சிரிக்க வாயைத் திறந்தவன் அப்போதுதான் அவள் விரல் நுனிகளைப் பார்த்தான். வருஷக்கணக்காய்ப் பூச்சு பட்டுப் பட்டு, காய்ந்த பசை மாதிரி தடித்து வெடித்திருந்தன.

"மரத்துப் போச்சுடா," என்றாள். "முதலாளிகிட்ட சொல்லிடாதே. இந்த மெஷினை என்னைவிட நல்லா ஓட்ட ஆள் கிடையாது. விரலை மட்டும்தான் ஊர்கிட்ட கடன் வாங்கறேன். இந்த மூடி அடிச்ச அன்னிக்கு இங்க வந்தவன் நீ ஒருத்தன்தான்."

அன்று தொடாமலே கையை ஆட்டிவிட்டுப் போனது அவனுக்கு நினைவு வந்தது.

மெஷின் ஓடியது. முதல் அட்டை வந்தது. அவள் நீட்டவில்லை. அவனே எடுத்தான். விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மூலைக்கு மூலை தடவினான்.

"இடது ஓரம் சரியில்லக்கா. எழும்பவே இல்ல."

அக்கா பூச்சைக் கூட்டினாள்.

"இன்னும் பத்தல."

இன்னும் கூட்டினாள். அடுத்த அட்டை அரம் மாதிரி விரலில் உரசியது. அவன் சரி என்று தலையை ஆட்டினான்.

மகுடம் வைத்த மாதிரி நிமிர்ந்து நின்றாள் அக்கா.

"வருஷம் பூரா பிரமாதம் பிரமாதம்னே," என்றாள். "இன்னிக்குத்தான்டா என் வேலைக்கு மரியாதை குடுத்திருக்கே."