கண்ணுசாமி கையில் மூன்று ஏஸ்

"லீவு வேணும்னா உக்காந்து ஆடு. இல்லீன்னா சனிக்கிழமை வண்டியேறு" என்றார் மேனேஜர் வீரபாகு.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிகள் நிற்கும் பட்டறை அது. மதிய வெயிலில் தகரக் கொட்டகை காய்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை வண்டி சத்தீஸ்கர் கிளம்புகிறது. கண்ணுசாமியின் மகள் நித்யஸ்ரீக்கு அடுத்த புதன்கிழமை பள்ளிபாளையத்தில் கல்யாணம்.

"பத்தே நாளுங்க மேனேஜரே. கண்ணாலத்த முடிச்சுப்போட்டு ரயிலேறி வந்து சேந்துக்கறனுங்க. பெத்தவன் இல்லாம எப்படீங்க?"

"ராடு மாட்ட ஆளில்லாம வண்டி என்ன பண்ணும்? ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லறீங்க. அதுக்குத்தான் சீட்டு. ஜெயிச்சவன் ஊட்டுக்குப் போறான். இதுல என்ன ஓரவஞ்சனை?"

இரண்டு வருடமாக அவரிடம் ஜெயித்தவர் யாருமில்லை. கூட ராடு மாட்டும் நாச்சிமுத்து, தன் அப்பனின் பதினாறாம் நாள் காரியத்துக்கே இப்படித்தான் ஆடித் தோற்றான்.

கண்ணுசாமி ஒரு பைப்பின் மேல் உட்கார்ந்தான்.

"ஆடறனுங்க. ஆனா லீவுக் காயிதத்துல மொதல்ல கையெழுத்தப் போட்டு நடுவுல வெச்சிருங்க. பொறவு பேனாவக் காணோம்பீங்க."

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். மேனேஜர் முகம் சிவக்கக் கையெழுத்துப் போட்டு, காகிதம் பறக்காமல் மேலே ஒரு நட்டை வைத்தார். நாச்சிமுத்து சீட்டைக் கலைத்தான். மேனேஜர் வெட்டினார். ஆளுக்கு மூன்று சீட்டு.

கண்ணுசாமி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து ஒவ்வொன்றாக விரித்தான். இஸ்பேட் ஏஸ். டைமன் ஏஸ். மூன்றாவதும் ஏஸ்.

மூணு சீட்டில் அதைவிடப் பெரிய கை கிடையாது. முப்பது வருடமாக ஆடுகிறான், ஒரு தடவைகூட வந்ததில்லை. இன்றைக்குப் பார்த்து வந்திருக்கிறது.

பின்பக்கமாக வந்து எட்டிப் பார்த்த நாச்சிமுத்து, வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் டிரம் பக்கம் போய்விட்டான்.

"என்னப்பா, கையி நடுங்குது?" என்றார் மேனேஜர்.

"ராடு தூக்குன கையிங்க, எப்பவும் நடுங்கும். உங்குளுது நடுங்காது. பேனாதான தூக்குது."

பெரிய கை வந்தவன் பதறக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எதிராளியை உள்ளே இழுக்க வேண்டும் என்பார்கள். கண்ணுசாமி அப்படி ஆடவில்லை.

"என்ற தீவாளி லீவையும் வெக்கறனுங்க" என்றான் எடுத்த எடுப்பிலேயே.

மேனேஜர் தன் சீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவர் மீசை லேசாக அசைந்தது.

"வெய்யி. நாந் தோத்தா தீவாளிக்கு அஞ்சு நாளு சேத்தித் தாரேன்."

"பொங்கலையும் வெக்கறனுங்க."

"ஏப்பா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? சரி, பொங்கலும் தாரேன்."

"அது பத்தாதுங்க மேனேஜரே" என்று கண்ணுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். "இனி இந்தக் கம்பெனில இருக்கற வரைக்கும் ஒரு நாளு லீவு கேக்க மாட்டன். செத்தாலுஞ் சரி, பொழச்சாலுஞ் சரி. வெச்சாச்சு. என்ற சீட்டப் பாக்கோணும்னா நீங்களும் அதுக்குச் சமமா வையுங்க."

"எங்கிட்ட என்னடா கேக்கற?"

"தோத்தீங்கன்னா இந்த டிரிப்புக்கு என்ற எடத்துல நீங்க வாங்க. ஒம்பது மாசம். ராடு மாட்டுங்க. சேத்துல நில்லுங்க. கல்லுத் தூசியத் தின்னுட்டு வண்டிக்கு அடியில படுங்க."

சுற்றி நின்றவர்களில் ஒருவன், "நாயந்தானுங்க, சரிக்குச் சரி" என்றான். இன்னொருவன், "வெள்ளச் சட்டைய மாத்திட்டு வாங்க" என்றான்.

"சீட்டுல நீயும் நாச்சிமுத்துவும் என்னமோ பண்ணியிருக்கறீங்க" என்றார் மேனேஜர்.

"வெட்டுனது நீங்கதானுங்க."

மேனேஜர் தன் சீட்டைப் பார்த்தார். கண்ணுசாமியின் முகத்தைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். கண்ணுசாமி கண்ணை இமைக்கவில்லை.

"வையுங்க, இல்லீன்னா கவுத்துங்க. எனக்குக் கண்ணாலப் பந்தல்காரனப் பாக்கப் போகோணும்."



"உனக்கு வந்திருச்சு. மூஞ்சியே சொல்லுது" என்று மேனேஜர் சீட்டைக் கவிழ்த்துப் போட்டார். "எடுத்துட்டுப் போய்த் தொலை. எங்கே, உன்ற சீட்டக் காட்டு."

"பாக்கறதுக்குத்தான் வெக்கச் சொன்னனுங்க."

கண்ணுசாமி தன் மூன்று சீட்டையும் கட்டுக்குள் சொருகிக் கலைத்துவிட்டான். காகிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். மேனேஜர் யாரையும் பார்க்காமல் ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாச்சிமுத்து ஓடி வந்து, அவர் கவிழ்த்த சீட்டைப் புரட்டினான். ரெண்டு, நாலு, ஏழு. மூன்றும் வேறு வேறு ஜாதி.

"மூணு ஏஸ வெச்சுக்கிட்டு எப்படி மாமா அசையாம உக்காந்திருந்தீங்க? எனக்கு உசுரே போயிருச்சு" என்றான் அவன்.

"பெரிய சீட்டெல்லாம் உங்குளுக்கு எதுக்கு? இன்னைக்கு எவன் கையி சின்னதோ அவனுக்குத்தான் ஜெயம்" என்று, ஆட உட்காரும் முன்பே சட்டம் போட்டிருந்தவர் மேனேஜர்தான்.