வெள்ளிக்கிழமையில் நிற்கும் கம்ப்யூட்டர்

வீட்டின் அடுத்த வாரச் சமையல், மாத்திரை, ஸ்கூல் வேன் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதித் தரும் அந்தப் பழைய கம்ப்யூட்டர், வெள்ளிக்கிழமையைத் தொட்டதும் ஹேங் ஆகி நின்றது.

“யாரால நிக்குதுன்னு ஒவ்வொருத்தர் பேரா லிஸ்ட்லேருந்து எடுத்துப் பாப்போம்க்கா” என்றான் ரிப்பேருக்கு வந்த சேவியர்.

பியூலா பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் கணவர் பெயரை எடுத்தான்; நின்றது. இரண்டு மகள்களின் பெயரையும் எடுத்தான், அப்போதும் நின்றது. அவர்களைத் திரும்பச் சேர்த்துவிட்டு அவள் பெயரை மட்டும் எடுத்ததும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று தங்குதடையில்லாமல் ஓடியது.

பியூலா திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். “புதுசு வாங்கினா நிக்காதா தம்பி?”

சேவியர் அவள் முகத்தைப் பார்க்காமல் பையை மூடினான்.

“எங்க வீட்டுல புதுசுதான்க்கா. ஒரு தடவைகூட நிக்கல. என் பொண்டாட்டி சாகுறதுக்கு முந்தின வாரமே, ஒரு ஆளுக்கு அரிசியக் குறைச்சு எழுதிட்டுப் போய்க்கிட்டே இருந்துச்சு.”