மூன்றாம் அத்தியாயம்

தார்வாட் கல்லூரி நூலகத்தில் தலைமை நூலகர் ஹிரேமட் நிற்கும்போது ஊழியர் எவரும் உட்காருவதில்லை. அது எங்கும் எழுதப்படாத விதி.

துணை நூலகர் சுமங்களாவின் மேசையில் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம், பக்கமெல்லாம் சிவப்பு மைத் திருத்தங்களோடு கிடந்தது.

“என்னக்கா, ஒரே ரத்தக்களறியா இருக்கு! வேலைக்கு நடுவுல இந்தப் பாடு தேவையா?” என்றாள் அண்மையில் மாற்றலாகி வந்த ஷைலா.

ஹிரேமட் வந்தார். இருவரும் எழுந்து நின்றார்கள்.

“மூணாவது அத்தியாயம் என்ன ஆச்சு?”

“மறுபடி எழுதணும், சார்.”

“மறுபடியுமா? லீவு போட்டு உக்காந்து எழுதினேனே, மேடம்!”

ஷைலா அந்தச் சிவப்புத் திருத்தங்களை மறுபடி பார்த்தாள். வேலையில் இருந்துகொண்டே முனைவரான சுமங்களா இப்போது ஆய்வு நெறியாளர். ஹிரேமட் அவருடைய முதல் மாணவர்.

“நம்ம நூலகத்துக்கே ஒரு நெறியாளர் கிடைச்சிருக்காங்க. அவங்க நிக்கலாமா?” ஹிரேமட் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவர் நின்றிருக்க, எல்லோரும் பார்க்க, சுமங்களா உட்கார்ந்தார்.