புது ஒயர்

“பெட்டியையா ரிப்பேர் பண்ணிக் கொடுத்தீங்க? ஒரு கழுதையை உள்ள வச்சுப் பூட்டிக் கொடுத்திருக்கீங்க!”

விளாங்குடியில் மொக்கையனின் ரேடியோ கடைக்குள் கிதார் கிருஷ்ணபிரசாத் சத்தத்தோடுதான் நுழைந்தார். பின்னாலேயே மெல்லிசைக் குழு நடத்தும் பாண்டீஸ்வரி. இரண்டு பேருமாக அந்தக் கிதார் ஸ்பீக்கர் பெட்டியைத் தரையில் இறக்கினார்கள்.

மொக்கையனுக்கு முகம் சுண்டிப் போனது. ‘பழசாயிருச்சு, சர்வீஸ் பண்ணுங்க’ என்று கிருஷ்ணபிரசாத் தானாகவே கொண்டுவந்த பெட்டி. போன வாரம்தான் துடைத்து மினுக்கிக் கொடுத்திருந்தார்.

“என்ன சார், கொரகொரங்குதா?”

“கொரகொரப்பா? வாடிப்பட்டித் திருவிழாவுல முன்னாடி உட்கார்ந்திருந்த பிள்ளைக எல்லாம் வீல்னு அழுதுச்சுக. ஒரு ஆளு எந்திரிச்சு, ‘யாருப்பா தகரத்தை அறுக்குறது?’ன்னு கேக்குறான். என்னையப் பார்த்து!”

“மூணு வருசமா ஒரு குறை இல்லண்ணே,” என்றாள் பாண்டீஸ்வரி. “எந்த ஊருக்குப் போனாலும் கிதாருக்குத்தான் முதல் கைதட்டு.”

“தேனாக் கொட்டும்!” கிருஷ்ணபிரசாத் முடியைக் கோதிவிட்டுக்கொண்டார். “இவரு கை வச்சாரு, போச்சு. நாளைக்குச் சமயநல்லூர்ல கச்சேரி. அங்கயும் இப்படி ஆச்சுன்னா, கச்சேரிக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல உங்க கடை போட்டோவைப் போட்டு நாறடிச்சுருவேன், பாத்துக்கங்க.”

மதுரையில் மேடை ஏறுகிற அத்தனை பேரும் அந்தக் குரூப்பில்தான் இருந்தார்கள். அவர்கள் பெட்டி வராவிட்டால் கடைக்குப் பூட்டுதான்.

மொக்கையன் பின்பலகையைக் கழற்றினார். ஒரு சின்ன பேட்டரியை எடுத்து முதல் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் தொட்டார். ‘டப்’ என்று காகிதக் கூம்பு முன்னால் துள்ளியது. அடுத்ததும் டப். மூன்றாவதும் நாலாவதும் சொல்லி வைத்தாற்போல் டப், டப்.

“நாலும் உசுரோட இருக்கு சார்.”

“உசுரோட இருக்கிற லட்சணத்தைக் கேளுங்க!”

கிருஷ்ணபிரசாத் கிதாரை மாட்டி ஒரு இழு இழுத்தார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து எதிர்ச் சந்துக்கு இடம் மாறியது. மொக்கையன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீக்கராகத் தனித்தனியே பேச வைத்துப் பார்த்தார். நாலும் ஒரே மாதிரிதான் ஓலமிட்டன. ஊர் ஊராகக் கைதட்டு வாங்கிய வித்துவானை என்னவென்று சொல்வது? தன் கையைத்தான் சந்தேகப்பட்டார் மனிதர்.

“உள்ளதைச் சொல்லுங்க. உள்ள என்ன பண்ணுனீங்க?”

“தூசி தட்டுனேன். பழைய ஒயரெல்லாம் பிச்சுப் போட்டுட்டுப் புதுசு பத்தவச்சேன். அம்புட்டுத்தான் சார், சத்தியமா.”

கிருஷ்ணபிரசாத் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அதான! அந்த ஒயர்லதான்யா ஜீவனே இருந்துச்சு. அந்தக் காலத்துச் செம்பு! அதோட அருமை உங்களுக்கு எங்க தெரியப் போகுது?”

செம்புக்குச் சங்கீத ஞானம் உண்டென்று மொக்கையன் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார், பாவம்.

வெளியே பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்திருந்த கிருஷ்ணபிரசாத், “நான் வாரதுக்குள்ள அந்த ஒயரைத் தேடி எடுங்க!” என்று ஓடினார்.

“தங்கச்சி, அதைக் குப்பையில போட்டுட்டேனே... இனி எங்க போய்த் தேடுவேன்?” காலிக் குப்பைக்கூடையைக் கவிழ்த்துக் காட்டினார் மொக்கையன்.

பாண்டீஸ்வரி மேசையில் கிடந்த கட்டிங் பிளேயரை எடுத்தாள். பெட்டிக்குள் கையை விட்டு, நாலு ஸ்பீக்கருக்கும் போகிற மெயின் ஒயரையே நறுக்கென்று துண்டித்தாள்.

“ஐயையோ! என்ன தாயி பண்ற? இனிமே சத்தமே வராதே!”

“மூணு வருசமா வந்துச்சாக்கும்?” வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்பலகையை வைத்து மூடினாள். “அவரு வந்தா, ‘பழைய ஒயரே போட்டாச்சு, மேடையில போய்க் கேளுங்க’ன்னு சொல்லிருங்க. வேன் அவரோடதுங்கிறதுக்காக மேடையில நிக்க வச்சிருக்கோம்ணே. கைதட்டு வாங்குற கிதாரு பூராம் நம்ம கண்ணுச்சாமி கீபோர்டுல வாசிக்கிறது!”