ஓரம் கருகாத புல்

தெருவில் எல்லா வீட்டுப் புல்லும் பாதையோரம் கருகிக் கிடந்தது. எங்கள் வீட்டில் மட்டும் சிமெண்ட் விளிம்புவரை பச்சை.

அமெரிக்காவின் பனி கொட்டும் ஊரான பஃபலோவில் ஏப்ரல் பிறந்தால் போதும், ஆண்கள் புல்வாரியும் விதைப் பையுமாக வாசலுக்கு வந்துவிடுவார்கள். செத்த புல்லை வாருவார்கள், மண்ணைக் கிளறுவார்கள், புது விதை தூவித் தண்ணீர் தெளிப்பார்கள். வீட்டுக்குள் ஒரு காபிக் கோப்பையைக்கூடக் கழுவி வைக்காதவர்கள்தான் எல்லோரும்.

அப்பா முழங்காலிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தேவாலயத்தில்கூட அவர் இவ்வளவு நேரம் முழங்காலிட்டு நான் பார்த்ததில்லை.

அம்மாவின் துணிமணிகளை மூட்டை மூட்டையாகக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன், பழைய துணி வாங்கும் கடையில் கொடுத்துவிட. கடைசியாக மிஞ்சியது அவளுடைய பனிக்கால பூட்ஸ்.

அது என் முதல் சம்பளத்தில் வாங்கியது. பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு கழுவியே என்னைக் கல்லூரி முடிக்க வைத்தவள் அவள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்.

பிப்ரவரியில் ஒரு விடியற்காலை வேலைக்குக் கிளம்பியவள், வாசலிலிருந்து தெருவுக்குப் போகும் இந்தப் பாதையில், ஐஸில் வழுக்கி விழுந்தாள். பின்மண்டை சிமெண்டில் அடித்தது. அவ்வளவுதான்.

துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அப்பா ஒரே கதையைச் சொன்னார்.

"முந்தின நாளே ஐஸ் உருகட்டும்னு பாதை பூரா உப்பு அள்ளிப் போட்டேன். என்ன செய்ய? அந்த பூட்ஸ்தான். கார்லா ஆசையா வாங்கிக் குடுத்தது. பார்க்க அழகு, அடியில பிடிப்பே இல்ல."

வந்தவர்கள் என் தோளைத் தட்டினார்கள். உன் தப்பில்லம்மா என்றார்கள். தப்பு என்னுடையதுதான் என்று முடிவு கட்டியவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

அன்றிலிருந்து அந்த பூட்ஸின் அடியை எத்தனை முறை தடவிப் பார்த்திருப்பேன்! ஒவ்வொரு பல்லும் விரலில் குத்தும். பிடிப்பு இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் நான் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கை இல்லை.

பக்கத்து வீட்டு வால்ட் கருகிய புல்லை வாரிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"ஏ லென், உன் புல்லுக்கு மட்டும் என்னய்யா மந்திரம் போட்ட? எனக்கு ரெண்டு ஓரத்தையும் உப்பு தின்னுடுச்சு. தெருவே மொட்டையாக் கிடக்கு, நீ மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிக்கிற!"

அப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மா போனபின் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவே இல்லை. எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"போடா மடையா, உப்பு பட்டா புல்லு பிழைக்குமா? நீங்கள்லாம் மூட்டை மூட்டையா கொட்டுவீங்க, அப்புறம் மந்திரம் கேப்பீங்க. வீடு வாங்கின நாள்லேர்ந்து இந்தப் பாதையில ஒரு பிடி உப்பு விழுந்ததில்ல. விழ விடவும் மாட்டேன்."

வால்டின் வாரி நின்றுவிட்டது.

அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். உப்புக் கதையை அவரும் கேட்டிருக்கிறார். என் கையிலிருந்த பூட்ஸைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஏற்கெனவே வாரிய இடத்தையே மறுபடி வாரத் தொடங்கினார்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. உறைந்த புல்லை மிதித்தால் குருத்து ஒடிந்து, வசந்தத்தில் கால்தடம் கறுப்பாகத் தெரியும். அதனால் பனிக்காலத்தில் யாரும் புல்லில் கால் வைக்கக் கூடாது. பாதை கண்ணாடியாக மின்னினாலும் பாதையில்தான் நடக்க வேண்டும். அம்மா ஒருநாளும் மீறியதில்லை.

நான் புல்வெளியைப் பார்த்தேன். தேடிப் பார்த்தேன். ஒரு தடம்கூட இல்லை.

கையில் பூட்ஸோடு அப்பாவை நோக்கி நடந்தேன். எப்போது பாதையை விட்டுப் புல்லில் இறங்கினேன் என்று தெரியாது.

அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்ததையும் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

"ஏய் கார்லா," என்றார், "பாதையில நட."