தெருவுக்குத் தெரு ஆணையர் வீடு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல் விழட்டும். வாயில் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. அதன்மேல்தான் சத்தியம் செய்கிறேன்.

நகராட்சி ஆணையரின் மனைவி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

"மார்க்கெட் தெருவுல உங்க பேர்ப்பலகை மாட்டின வீடு ஒண்ணு இருக்காமே. யாருங்க அவ? சொல்லலேன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"வண்டியில ஏறு, காட்டறேன்," என்றார் ஆணையர்.

அரை மணி கழித்துப் போய் இறங்கினார்கள். வீடு பூட்டியிருந்தது. அடுத்த தெருவிலும் அவர் பெயரோடு ஒரு பூட்டிய வீடு. அதற்கடுத்த தெருவிலும் அப்படியே.

"தெருவுக்கு ஒருத்தியா?"

"ஒருத்தியும் இல்லடி. எங்க ஆளுங்க அதிகாரி குடியிருக்கற தெருவைத்தான் ஒழுங்கா வெச்சிருப்பாங்க. அதான் எல்லாத் தெருவுலயும் ஒரு காலி வீட்டைப் பார்த்து என் பலகையை மாட்டிட்டேன்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். தார் ரோட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம். சாக்கடையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம், "ஐயா எங்க தெருக்காரர்" என்று அவளிடமே பெருமையடித்தார்கள்.

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"கில்லாடிதாங்க நீங்க. இதே வேலையை நம்ம வீட்டுத் தெருவுக்கும் செய்யக் கூடாதா? குண்டும் குழியுமா கிடக்கே."

"அது பக்கத்து ஊர் நகராட்சியில வருது. அங்க நான் வெறும் குடித்தனக்காரன்."

"அந்த ஊர் ஆணையர்கிட்ட சொல்லுங்களேன்."

"சொல்லலாம். அவர் இதோ, இந்தத் தெருவுலதான் குடியிருக்கார். ரோடு நல்லாயிருக்காம்."